ஃப்ரண்ட் ஃபுட்டுக்கு தமிழ்ல என்ன போடறது? முன்னங்கால்னா மாடுன்னு சிரிக்கிறாங்க

வைகைக்கரை:

வணக்கம் மக்களே. தேனி பக்கம் எங்க ஊரு ஸ்கூல் கிரவுண்ட்ல ஒரு அண்ணன் சனி ஞாயிறு பசங்களுக்கு கிரிக்கெட் சொல்லித்தர்றாரு, காசு எதுவும் வாங்குறதில்ல. பசங்க கையில குடுக்க நாலு பக்கத்துக்கு தமிழ்ல ஒரு நோட்ஸ் வேணும், நீதான் எழுதுவியேன்னு எங்கிட்ட விட்டுட்டாரு. பேட்டிங் பகுதியில "முன்னங்காலை பந்தின் பக்கம் நீட்டி வைத்து ஆடவும்"னு எழுதி டீக்கடையில வாசிச்சேன், பக்கத்துல உக்காந்திருந்த பெரியப்பா ஒருத்தர் "ஏப்பா, மாட்டுக்குத்தான முன்னங்கால், மனுசப்பயலுக்கு ஏது"ன்னு கேட்டாரு, கடையே சிரிச்சிருச்சு. 

சிரிப்பு கிடக்கட்டும், யோசிச்சுப் பாத்தா அவரு கேட்டது சரிதானோன்னு இருக்கு. ரேடியோவுல அப்துல் ஜப்பார் வர்ணனை கேட்டு வளந்தவங்க இங்க இருப்பீங்க, அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படிச் சொன்னாங்கன்னு ஞாபகம் இருந்தா சொல்லுங்க. என் சந்தேகம் மூணு. ஒண்ணு, பேட்ஸ்மேனுக்கு ஃப்ரண்ட் ஃபுட்னா என்ன வார்த்தை போடலாம். ரெண்டு, நோபால்ல (பவுலர் விதி மீறிப் போடற செல்லாத பந்து) வர்ற ஃப்ரண்ட் ஃபுட்டும் இதுவும் ஒரே கால்தானா, பசங்க குழம்புவாங்களா. மூணு, நியூஸ்ல "ஆளுங்கட்சி பேக்ஃபுட்டுக்குப் போயிருச்சு, எதிர்க்கட்சி ஃப்ரண்ட் ஃபுட்ல ஆடுது"ன்னு போடறானே, அது கிரிக்கெட்டுல நெசமாவே அப்படித்தானா? நோட்ஸ்ல அதுக்கு வேலை இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

லெக்பை:

முதல் கேள்விக்கு மட்டும் நான் வர்றேன். பேட்ஸ்மேன் சைடா நிக்கிறான்ல, அப்ப எந்தக் கால் பவுலருக்குப் பக்கத்துல இருக்கோ அதுதான் ஃப்ரண்ட் ஃபுட். வலதுகை ஆட்டக்காரனுக்கு இடது கால், இடதுகை ஆட்டக்காரனுக்கு வலது கால். உங்க நோட்ஸ்ல மொதல்ல இதைப் போடுங்க, ஏன்னா சின்னப் பசங்க நேரா பவுலரைப் பாத்து மார்பைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க, அப்ப ரெண்டு காலும் ஒரே வரிசைதான், முன்னாடி கால் பின்னாடி கால்னு ஒண்ணுமே கிடையாது. சைடா நிக்க வெச்சாத்தான் அந்த வார்த்தைக்கே அர்த்தம் வருது.

அப்புறம் "ஃப்ரண்ட் ஃபுட்ல ஆடறது"ன்னா காலைத் தூக்கி முன்னாடி வைக்கிறது மட்டும் இல்ல, உடம்பு வெயிட் அந்தக் காலுக்குப் போகணும், தலையும் கூடவே போகணும். எங்க கோச் ஃப்ரண்ட் ஃபுட்னு வாயைத் திறந்து சொன்னதே இல்ல, "கால முன்ன போடு, தலையக் கொண்டு போ"ன்னுதான் கத்துவாரு, இன்னைக்கும் காதுல கேக்குது. ஃபுல் லெங்த்ல, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்துல வந்து குத்துற பந்துக்கு முன்னாடி, ஷார்ட்டா, அதாவது தள்ளியே குத்தி எழும்பி வந்தா பின்னாடி. டிரைவ், ஸ்வீப், ஃபார்வர்டு டிஃபன்ஸ் எல்லாம் முன்னாடி காலு. கட், புல், ஹூக் எல்லாம் பின்னாடி காலுன்னுதான் புத்தகத்துல இருக்கும், ஆனா ரிக்கி பாண்டிங்கும் ரோஹித்தும் முன்னாடி கால்ல வெயிட்டை வெச்சுக்கிட்டே புல் அடிச்சவங்க, அதப் பாத்துட்டு பசங்க கிளம்பிருவாங்க, நோட்ஸ்ல அத எழுதிராதீங்க தயவுசெஞ்சு, பல்லு போயிரும்.

இன்னொரு விஷயம், முன்னாடி கால் எங்க போகுதுங்கறதும் முக்கியம். நேரா மிடில் ஸ்டம்ப் லைனுக்கு குறுக்க தூக்கி நட்டுட்டா பேட் சுத்திக்கிட்டுத்தான் வரணும், அதுக்குள்ள கால்ல கட்டின பேடுல பட்டு எல்பி (ஸ்டம்புக்குப் போற பந்தைக் காலால தடுத்தா அவுட்). ஷேன் வாட்சன் கரியர் பூரா அப்படியே அவுட் ஆனாரு, அவரு அவுட் ஆனாலும் ரிவ்யூ எடுப்பாருங்கறது தனிக்கதை. ஸ்பின்னுக்கு முன்னெல்லாம் காலை நல்லா நீட்டிப் போட்டு பேடுல வாங்கிட்டா "ரொம்ப தூரம் வந்துட்டான், ஸ்டம்ப்ல படுமோ படாதோ"ன்னு அம்பயர் விட்டுருவாரு, பந்து எங்க போகும்னு ஸ்க்ரீன்ல காட்ட ஆரம்பிச்சதும் அந்த சலுகை போச்சு. அம்பயர் முடிவை கேமரா வெச்சு மறுபடி பாக்குற டிஆர்எஸ்ஸை இந்தியா முழுசா ஏத்துக்கிட்டது 2016 கடைசியில இங்கிலாந்து வந்தப்போதான். இப்ப முன்னாடி கால் போட்டா பேட்டும் கூடவே போயாகணும், பேடை மட்டும் அனுப்ப முடியாது. 

வார்த்தைக்கு என் ஓட்டு "முன்னாடி கால்". எழுத்துல வேணும்னா "முன்கால்".

களத்துமேடு:

டீக்கடைப் பெரியப்பாவுக்கு என் ஓட்டு. முன்னங்கால் எங்க பொழப்புல தினம் பொழங்குற வார்த்தைங்க, அதுக்கு ஜோடி பின்னங்கால். மாட்டுக்கு முன்னங்கால் ரெண்டு, அது நின்னாலும் படுத்தாலும் திரும்பினாலும் அந்த ரெண்டும் முன்னங்கால்தான். மனுசனுக்கு அப்படியா? நின்ன வாக்குலதான் ஒரு கால் முன்ன வருது, அடுத்த எட்டு வெச்சா மத்தது முன்னால வந்துருது. அதுனாலதான் பெரியவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கேட்டதால சொல்றேன், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் எங்க கணக்குல நெறைய வித்தியாசம் இருக்கு. பால் கறக்கும்போது உதைக்கிற மாட்டுக்கு கட்டுறது பின்னங்கால. கழுதைய மேய விடும்போது தளை போடறது முன்னங்கால்ல. மாடு படுத்து எந்திரிக்கறதப் பாத்திருக்கீங்களா, முன்னங்கால மண்டி போட்டபடியே வெச்சுக்கிட்டு மொதல்ல பின்பக்கத்தைத் தூக்கும், அப்புறம்தான் முன்ன ஊணி நிக்கும். குதிரை அப்படியே நேர் எதிர், முன்னங்கால் ரெண்டையும் நீட்டி ஊணிட்டு அப்புறம் பின்பக்கத்த எழுப்பும். வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்கறப்போ குளம்பு பிளவா இருக்கறதால ஒரு காலுக்கு ரெண்டு தகடு, நாலு காலுக்கும் அடிச்சா எட்டு. குதிரைக்கு காலுக்கு ஒண்ணு. ஒடம்பு வெயிட்டுல பாதிக்கு மேல முன்னங்கால்தான் தாங்குது, தலையும் கழுத்தும் அந்தப் பக்கம் இருக்குல்ல.

யானைக்கு இன்னும் விசேசம். முன்னங்கால் பாதத்தோட சுத்தளவ கயித்துல அளந்து ரெண்டால பெருக்கினா ஏறக்குறைய அதோட தோள் உயரம் வந்துரும். தரையில பதிஞ்ச தடத்தை வெச்சே எவ்வளவு பெரிய யானைன்னு ஃபாரஸ்ட்காரங்க சொல்றது இப்படித்தான், ஆனா முன்னங்கால் தடம்தானான்னு பாத்துக்கணும். முன்னங்கால் தடம் வட்டமா இருக்கும், பின்னங்கால் தடம் கொஞ்சம் நீளவாக்குல. நகம்கூட நம்ம யானைக்கு பொதுவா முன்னால அஞ்சு, பின்னால நாலு. 

ஸ்ரீரங்கத்துல சேஷராயர் மண்டபம் போயிருந்தீங்கன்னா தூண்ல குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கிட்டு நிக்கும். அங்க போய் "முன்கால்"னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதுக்கு அது, இதுக்கு இது. கிரிக்கெட்டுக்கு வேற பாத்துக்கங்க.

லெக்பை:

@களத்துமேடு யானை மேட்டர் சூப்பர்ணே. டாபிக்கை விட்டு எங்கயோ போயிட்டோம்னாலும் பரவால்ல.

ஆஃப்கட்டர்:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், இது கொஞ்சம் நீளமாத்தான் போகும், மன்னிச்சுக்கங்க.

பவுலரோட ஃப்ரண்ட் ஃபுட் வேற கணக்கு. பந்தை விடறதுக்கு முன்னாடி கடைசியா தரையில இறங்குற கால் அது. வலதுகை பவுலருக்கு இடது கால், இடதுகை பவுலருக்கு வலது கால். அப்ப ஒரே கையில ரெண்டையும் பண்றவனுக்கு குழப்பமே இல்ல, வலதுல பேட் பண்ணி வலதுல போடறவனுக்கு ரெண்டுலயும் இடது கால்தான். சிக்கல் எங்கன்னா நம்ம வாஷிங்டன் சுந்தர் மாதிரி ஆளுங்க, இடதுல பேட்டிங், வலதுல ஆஃப் ஸ்பின், பேட்டைப் பிடிச்சா வலது கால் ஃப்ரண்ட் ஃபுட், பந்தைப் பிடிச்சா இடது கால் ஃப்ரண்ட் ஃபுட். கங்குலி, பென் ஸ்டோக்ஸ் எல்லாம் இதே கேஸ். அதனால "ஃப்ரண்ட் ஃபுட்னா இடது கால்"னு மட்டும் பசங்களுக்கு மனப்பாடம் பண்ண விடாதீங்க.

இப்ப நோபால். ஸ்டம்ப்புக்கு 4 அடி முன்னாடி இருக்கே ஒரு கோடு, பாப்பிங் கிரீஸ், ஃப்ரண்ட் ஃபுட் தரையில இறங்குற நொடியில அந்தப் பாதத்தோட ஏதாவது ஒரு பகுதி அதுக்குப் பின்னாடி இருக்கணும், அவ்ளோதான் ரூல். இதுல மூணு இடத்துல எல்லாரும் சண்டை போடுவாங்க. குதிகால் தரையில படணும்னு அவசியம் இல்ல, அந்தரத்துல இருந்தாலும் கோட்டுக்குப் பின்னாடி இருந்தா போதும், ஸ்பின்னர் நிறைய பேர் நுனிக்கால்ல இறங்குவாங்க, பாக்க நோபால் மாதிரியே இருக்கும், ஆனா இல்ல. அடுத்து, இறங்கினதுக்கு அப்புறம் கால் வழுக்கி முன்னாடி போனா பிரச்சினை இல்ல, மொத தடவை பட்ட இடம்தான் கணக்கு. மூணாவதுதான் பெரிய சண்டை, வெள்ளைக் கோட்டு மேல கால் இருந்தா என்ன? கிரீஸ்ங்கறது அந்த வெள்ளைப் பட்டையோட பின்பக்க ஓரம், அதனால குதிகால் சுண்ணாம்பு மேல மட்டும் இருந்து பின்னாடி துளிகூட வரலன்னா நோபால்தான். எங்க ஏரியாவுல "லைன் பவுலருக்கு"ன்னு சொல்லிச் சொல்லியே எத்தனை மேட்ச் அடிதடியில முடிஞ்சிருக்கு. லைன் பவுலருக்கு இல்ல.

சரி, எல்லா காலத்துலயும் ஃப்ரண்ட் ஃபுட்டைத்தான் பாத்தாங்களான்னா இல்ல. பழைய ரூல்ல பின்னாடி காலைத்தான் பாப்பாங்க, அது ஸ்டம்ப் வரிசையில இருக்கிற பவுலிங் கிரீஸுக்குப் பின்னாடி இறங்கணும். ஃபாஸ்ட் பவுலருங்க என்ன பண்ணாங்கன்னா பின்னாடி காலை ஒழுங்கா வெச்சுட்டு அப்படியே இழுத்துக்கிட்டே போயி, பந்தை விடும்போது முன்னாடி கால் பாப்பிங் கிரீஸைத் தாண்டி எங்கயோ இருக்கும். 1958-59 ஆஷஸ்ல (இங்கிலாந்து ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) கார்டன் ரார்க்னு ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர், நல்ல உயரம், அவரு இழுத்துட்டு வர்ற தூரத்தைப் பாத்து இங்கிலாந்துக்காரங்க கொதிச்சுப் போனாங்க. இந்த இழுவைப் பிரச்சினையாலதான் 1960கள்ல முன்னாடி காலைப் பாக்குற ரூல் வந்துச்சு. பிராட்மேனுக்கு கடைசி வரைக்கும் இந்த ரூல் பிடிக்கல. அம்பயர் பாவம், தலையைக் குனிஞ்சு காலைப் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள பந்து அந்தப் பக்கம் போயிடுது, பின்னாடி கால்னா கொஞ்சம் முன்கூட்டியே பாத்துட்டு நிமிரலாம். எனக்கு பிராட்மேன் சொன்னதுல நியாயம் இருக்குன்னுதான் படுது, ஆனா இப்ப அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இல்ல, ஏன்னா 2020ல இருந்து பெரிய மேட்ச்ல எல்லாம் தேர்டு அம்பயர் கேமராவுல பாத்து சொல்லிடறாரு. அந்த வருஷம் பெண்கள் டி20 உலகக்கோப்பையில வெச்சாங்க, ஆகஸ்ட்ல இங்கிலாந்து பாகிஸ்தான் டெஸ்ட்ல வெச்சாங்க.

கேமரா இல்லேன்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2021 டிசம்பர் பிரிஸ்பேன் டெஸ்ட். அந்த டெக்னாலஜி வேலை செய்யல, ஸ்டோக்ஸ் மொத செஷன்ல 14 தடவை கோட்டைத் தாண்டி வெச்சிருக்காரு, அதுல அம்பயர் பிடிச்சது ஒண்ணோ ரெண்டோ. வார்னர் 17ல போல்டு ஆனாரு, அந்தப் பந்தைப் போட்டுப் பாத்தா நோபால், அப்புறம் 94 அடிச்சுட்டுத்தான் போனாரு.

டென்னிஸ்பால்_மணி:

நோபால்னாலே எனக்கு வயிறு எரியுது. 2017 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல், ஓவல். பாகிஸ்தானோட ஃபகர் ஸமான் 3 ரன்ல பும்ரா பந்துல கீப்பர் கேட்ச், நாங்க இங்க கத்தி முடிக்கல, நோபால்னுட்டான். 114 அடிச்சான் மனுஷன். அவங்க 338, நம்ம 158 ஆல் அவுட். அதுக்கு முந்தின வருஷம் மும்பை வான்கடேல டி20 உலகக்கோப்பை செமிஃபைனல், வெஸ்ட் இண்டீஸ் சிம்மன்ஸுக்கு அஸ்வின் போட்டதுல கேட்ச், நோபால். ஃபாஸ்ட் பவுலர் வேகத்துல தாண்டறான் சரி, ஸ்பின்னர் நாலு எட்டு நடந்து வந்து எப்படிண்ணே தாண்டறாங்க? அப்புறம் பாண்டியா பந்துலயும் அதே கதை, சிம்மன்ஸ் 82 நாட் அவுட். முன்னாடி கால் ஒரு இஞ்ச் பின்னாடி இறங்கியிருந்தா கதையே வேற.

வைகைக்கரை, உங்க பசங்களுக்கு ரன்னப் எண்ணி அடையாளம் வெக்கச் சொல்லிக் குடுங்க, நெட்ஸ்லயும் கோடு போட்டு ஒருத்தன் பாக்கணும். நெட்ஸ்ல தாண்டித் தாண்டிப் போட்டுட்டு மேட்ச்ல மட்டும் சரியா விழணும்னா எப்படி விழும்.

வைகைக்கரை:

@ஆஃப்கட்டர் அண்ணே அருமை. ஒரு சின்ன டவுட், ஃப்ரீ ஹிட் (நோபாலுக்கு அடுத்த பந்துல ரன் அவுட் மாதிரி தவிர அவுட் கிடையாதுங்கறது) இந்த ஃப்ரண்ட் ஃபுட் நோபாலுக்கு மட்டுமா, இடுப்புக்கு மேல ஃபுல்டாஸ் போட்டாலும் உண்டா? இங்க பசங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆஃப்கட்டர்:

ஆரம்பத்துல காலுக்கு மட்டும்தான். 2007ல ஒன்டேவுல ஃப்ரீ ஹிட் கொண்டு வந்தப்போ கோட்டைத் தாண்டினா மட்டும் குடுத்தாங்க. 2015ல இருந்து எல்லா நோபாலுக்கும் உண்டு, இடுப்பு ஃபுல்டாஸ் உட்பட. டெஸ்ட்ல எதுக்குமே கிடையாது, ஒரு ரன்னும் கூட ஒரு பந்தும், அதோட சரி. 

பசங்க கேப்பாங்க, பின்னாடி காலுக்கும் ரூல் முழுசா போயிடல. சைடுல ரிட்டர்ன் கிரீஸ்னு ஒண்ணு இருக்குல்ல, பின்னாடி கால் இறங்கும்போது அதுக்கு உள்ள இருக்கணும், தொடவே கூடாது. முன்னாடி காலுக்கு "கொஞ்சமாவது உள்ள இருந்தா போதும்", பின்னாடி காலுக்கு "கொஞ்சம்கூட படக்கூடாது". இந்த வித்தியாசத்தை எழுதிட்டீங்கன்னா உங்க நோட்ஸ் பாதி லீக் அம்பயருங்களுக்கே உபயோகப்படும்.

திண்ணைப்பேச்சு:

மூணாவது கேள்விய யாரும் தொடல, நான் தொடறேன். நியூஸ்காரங்க ஃப்ரண்ட் ஃபுட்னா தாக்குதல், பேக்ஃபுட்னா பதுங்கல்னு வெச்சுட்டாங்க. கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு இது இடிக்கும். கிரிக்கெட்லயே ரொம்ப பதுங்கலான ஷாட் எது? காலை நீட்டிப் போட்டு பேட்டைச் சாச்சு பந்தைச் சாகடிக்கிற ஃபார்வர்டு டிஃபன்ஸ், டிராவிட் அதை வெச்சே நாள் பூரா நின்னாரு. அது முழுக்க ஃப்ரண்ட் ஃபுட். ரொம்ப அடிதடியான ஷாட்டுல ஒண்ணு புல், அது பேக்ஃபுட். அப்ப எதிர்க்கட்சி ஃப்ரண்ட் ஃபுட்ல ஆடுதுன்னா கட்டை போடுதுன்னு அர்த்தம் எடுத்துக்கவா?

ஆனா தமிழ்லயும் காலை வெச்சுத்தான் பேசறோம். "முன்வெச்ச காலைப் பின்வெக்க மாட்டான்"னு சொல்றோமே, அது ஃப்ரண்ட் ஃபுட் இல்லாம வேற என்ன. பேட்டிங்ல மட்டும் அந்தப் பழமொழியைக் கேட்டு ஆடினா ஷார்ட் பால்ல மூக்கு உடையும், முன்வெச்ச காலை டக்குனு பின்வெக்கத் தெரிஞ்சவன்தான் பேட்ஸ்மேன். அதுவே ஒரு காரியத்தை நாமளா தொடங்கறதைச் சொல்லணும்னா தமிழ் காலை விட்டுட்டு கையைப் பிடிச்சுக்குது, "முன்கை எடுத்து செஞ்சாங்க"ன்னு சொல்றோம். நியூஸ்ல ஃப்ரண்ட் ஃபுட்டுங்கற இடத்துல பாதிக்கு மேல "முன்கை எடுத்தாங்க"ன்னு போட்டா கச்சிதமா உக்காரும். பேக்ஃபுட்டுக்கு "பின்வாங்கிட்டாங்க", "மடக்கிட்டாங்க" இருக்கவே இருக்கு.

லெக்பை:

@திண்ணைப்பேச்சு இது கொஞ்சம் வாதத்துக்கான வாதம்ணே. ஃப்ரண்ட் ஃபுட்ல வர்றவன் பவுலரைப் பாத்து பயப்படல, பந்து எங்க விழுதோ அங்கயே போயி சந்திக்கிறான், அந்த அர்த்தத்துலதான் சொல்றாங்க. நல்ல வேகத்துல பவுன்ஸ் பண்ணி ஒரு ஓவர் போட்டா எவனும் அடுத்த ஓவர் காலை முன்னாடி வெக்க யோசிப்பான், கிரீஸுக்குள்ளயே மாட்டிக்குவான், அதான் பேக்ஃபுட்ல தள்ளறது. ஷாட்டோட பேரை வெச்சு பாக்காதீங்க, யாரு யாரை நகர்த்தறாங்கன்னு பாருங்க.

திண்ணைப்பேச்சு:

அப்படிப் பாத்தா சேப்பாக்கத்துல கதை மாறுதே தம்பி. 2021 பிப்ரவரி இங்கிலாந்து டெஸ்ட், மொத நாள்லயே பந்து திரும்புது, ரோஹித் 161 அடிச்சாரு, ஸ்வீப் மேல ஸ்வீப். முன்னாடி காலை நீட்டி மண்டி போட்டு ஆடறது அது. அங்க கிரீஸுக்குள்ள நின்னவங்கதான் செத்தாங்க. பந்து எகிறுற பெர்த்ல கதை வேற, சேப்பாக்கத்துல கதை வேறங்கறேன். ஃப்ரண்ட் ஃபுட் நல்லது, பேக்ஃபுட் கெட்டதுன்னு பசங்க மண்டையில ஏறிட்டா கோச் அண்ணன்தான் கஷ்டப்படணும்.

ஆஃப்கட்டர்:

உங்க ரெண்டு பேர் சண்டையில இன்னொண்ணையும் போடறேன். ஸ்விட்ச் ஹிட். 2008ல பீட்டர்சன் நியூசிலாந்துக்கு எதிரா அடிச்சு பெரிய விவாதம் ஆச்சு, கிரிக்கெட் விதிகளை எழுதற எம்சிசி ஆடலாம்னு சொல்லிட்டாங்க. பவுலர் ஓடி வரும்போதே ஆளு திரும்பி கையையும் காலையும் மாத்திக்கிறான், அந்த நொடியில ஃப்ரண்ட் ஃபுட் பேக்ஃபுட் ஆயிடுது, பேக்ஃபுட் ஃப்ரண்ட் ஃபுட் ஆயிடுது. ஆனா ஆஃப் சைடு லெக் சைடு மாறாது, பவுலர் ஓட ஆரம்பிச்சப்ப எப்படி நின்னானோ அதான் எல்பிக்கு கணக்கு. பவுலருக்கு இது அநியாயம்னுதான் நான் சொல்வேன்.

பிசியோ_கோவை:

லேட்டா வர்றேன். எங்க தொழில்லயும் இந்த வார்த்தையால ஒரு குழப்பம் உண்டு, அதனால எழுதறேன். பேஷண்ட் "முன்னங்கால் வலிக்குது"ன்னு வருவாங்க. சிலருக்கு அது முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்பு, சிலருக்கு பாதத்தோட முன்பகுதி, விரலும் விரலுக்குப் பின்னாடி உருண்டையா இருக்கிற இடமும். கையை வெச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் அடுத்த கேள்வியே கேப்போம். பாதத்தோட முன்பகுதியை நாங்க "முன்பாதம்"னு சொல்றோம், பாதத்துல இருக்கிற 26 எலும்புல 19 அங்கதான் இருக்கு. ஸ்பிரின்ட் ஓடறவங்க குதிகால் படாம அந்த முன்பாதத்துலயே ஓடறாங்க. அதனால உங்க நோட்ஸ்ல காலுக்கு எந்த வார்த்தை போட்டாலும் முன்பாதம்னு மட்டும் போட்டுராதீங்க, அது வேற.

ஃபாஸ்ட் பவுலிங் ஆசைப்படற பசங்க இருந்தா ஒண்ணு சொல்லுங்க. முன்னாடி கால் இறங்கும்போது உடம்பு எடையைப் போல பல மடங்கு அடி அந்தக் கால்ல விழுது, பெரிய பவுலருங்களுக்கு 5, 6 மடங்கு சாதாரணம். அந்தக் கால் மடங்காம விறைப்பா நின்னா வேகம் கிடைக்கும், ஈட்டி எறியறவங்களும் அதே மாதிரிதான் முன்னாடி காலை ஊன்றி பிரேக் போடறாங்க. ஆனா அந்த அதிர்ச்சி முட்டி, இடுப்பு, கீழ் முதுகுன்னு ஏறிப் போகுது. வளர்ற வயசுல நாள் பூரா போட்டா முதுகெலும்புல கீறல் விழும், சும்மா பயமுறுத்தல. ஓவர் கணக்கு வெச்சு போடச் சொல்லுங்க. ஷூவுல பெருவிரல் இடிச்சு நகம் கறுத்துப் போறதும் இந்தக் கால்லதான், பெரிய பவுலருங்க சிலர் முன்னாடி ஷூவோட நுனியில ஓட்டை போட்டு வெச்சிருக்கறதை டிவியில பாத்திருப்பீங்க, அது ஃபேஷன் இல்ல.

களத்துமேடு:

டாக்டர் தம்பி, பாதத்து முன்பக்கத்துல மட்டும் நிக்கறதுக்கு நுனிக்கால்னு இருக்கே, "நுனிக்கால்ல நிக்காதடா"ன்னு எங்கம்மா திட்டும்.

பிசியோ_கோவை:

இருக்குங்கய்யா. நிக்கிறதுக்கும் நடக்கறதுக்கும் நுனிக்கால் சரியா வருது, வலிக்குதுன்னு சொல்றப்ப மட்டும் யாரும் அதைச் சொல்றதில்ல, ஏன்னு தெரியல.

வைகைக்கரை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கோச் அண்ணன்கிட்ட இந்த திரெட்டைக் காட்டினேன், யானை கணக்கைத்தான் ரெண்டு தடவை வாசிச்சாரு. கடைசியில இப்படி முடிவு பண்ணியிருக்கோம். பேட்டிங் பகுதிக்கு மேல ஒரு படம் போட்டு, வலதுகை பையன் ஒருத்தன் இடதுகை பையன் ஒருத்தன், பவுலர் பக்கம் இருக்கிற காலுக்கு நேரா அம்புக்குறி வெச்சு "முன்கால் (ஃப்ரண்ட் ஃபுட்)"னு எழுதிடறோம். அப்புறம் பூரா முன்கால், பின்கால். டிவி வர்ணனை கேட்டாலும் புரியணும்ல, அதனால ஃப்ரண்ட் ஃபுட்டை முழுசா எடுக்கல. 

நோபால் பகுதிக்கு: "பந்து வீசும்போது கடைசியாகத் தரையிறங்கும் கால் முன்கால். அது இறங்கும் நொடியில் பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் பின் ஓரத்தைத் தாண்டாமல் பின்னால் இருக்க வேண்டும். குதிகால் அந்தரத்தில் இருந்தாலும் செல்லும். கோட்டின் மேல் மட்டும் இருந்தால் நோபால்." இதுல கடைசி வரியை மட்டும் தடிமனா அடிக்கச் சொல்லியிருக்கேன், எங்க ஊர்லயும் "லைன் பவுலருக்கு" கோஷ்டி பெருசு. பிசியோ சார் சொன்ன ஓவர் கணக்கை தனி பாராவா சேத்துட்டேன். அரசியல் மேட்டரை விட்டுட்டேன், அது டீக்கடைக்கு.

டென்னிஸ்பால்_மணி:

நல்லாருக்கு. ஆனா "ஒரு பகுதியாவது... தாண்டாமல் பின்னால்" கொஞ்சம் சுத்துது, பத்து வயசுப் பையனுக்குப் புரியாது. "பாதத்துல கொஞ்சமாவது கோட்டுக்குப் பின்னால இருக்கணும்"னு நேரா போட்ருங்க. அப்புறம் ரிட்டர்ன் கிரீஸுக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?

வைகைக்கரை:

மாத்திட்டேன் மணி. ரிட்டர்ன் கிரீஸுக்கு "பக்கக் கோடு"ன்னு போட்டிருக்கேன். கோச் அண்ணன் "ரிட்டர்ன் கிரீஸ்னே போடு, பக்கக் கோடுன்னா பசங்க கபடின்னு நெனச்சுக்குவாங்க"ங்கறாரு. அதுக்கு புதுசா ஒரு திரெட் போடறேன்.